காணிக்கு உறுதி எங்கே?

அமெரிக்கத் தீவுகளைப் பிடித்த ஸ்பானியர், அங்கிருந்த ஆதிக்குடிகளைத் தமக்குள் பங்குபோட்டு வேலை வாங்கினார்கள். பங்கு பெற்றவர்களுள் பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்ற குருவும் ஒருவர். 1514இல் அவர் தம் பங்கைக் கைவிட்டார். பின் தொமினிக்கன் துறவியாகி, அம்மக்களுக்காக மன்னரிடமே வழக்காடினார். 1542இல் அவர்களைக் காக்கப் புதிய சட்டங்கள் வந்தன. (அவர்களுக்குப் பதிலாக ஆபிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று ஒருகாலத்தில் யோசனை சொன்னவரும் இவரே. பிற்காலத்தில் அதற்காக வருந்தினார். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை.)

இனி நம் ஊவாவுக்கு வருவோம். 1818 கிளர்ச்சியை ஆங்கிலேயர் வீடுகளையும் பயிர்களையும் அழித்தே அடக்கினர். 1840இல் 12ஆம் இலக்கச் சட்டம் வந்தது. காடும் தரிசும் பயிரிடாத நிலமும், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்றது அது. சேனைக்காரன் ஓரிரு வருடம் பயிர்செய்துவிட்டு, மண் ஆறட்டும் என்று பல வருடம் நிலத்தைக் காட்டுக்கே விடுவான். ஆறவிட்ட நிலத்துக்கு அவன் எந்த உறுதியைக் காட்டுவான்? அத்தகைய மலைநிலங்கள் பல கோப்பித் தோட்டங்களாயின. அவற்றில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். கிராமத்தவன் சேனையை இழந்த கதையும் தோட்டத்தவன் லயத்துக்குள் வந்த கதையும் வேறு வேறல்ல.

மைக்கல் றொட்றிகோ அடிகளார் அமலமரித் தியாகிகள் சபைத் துறவி. இரண்டு கலாநிதிப் பட்டங்கள் பெற்றவர், குருமடத்தில் கற்பித்தவர். 1980இல் எல்லாவற்றையும் விட்டு, புத்தலைக்கு அருகே ஒரு பௌத்த கிராமத்தில் 'சுப செத் கெதர' என்ற எளிய இல்லத்தை அமைத்தார். மதம் மாற்ற அவர் போகவில்லை. மூலிகை மருத்துவத்தையும் இரசாயன உரமில்லா விவசாயத்தையும் மக்களோடு சேர்ந்து வளர்த்தார். அந்நாட்களில் சேனை நிலங்கள் கம்பனிகளின் கரும்புச் செய்கைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஏழை விவசாயிகளின் பக்கம் நின்றார் அடிகளார். போய்விடும்படி எச்சரிக்கை வந்தும் போகவில்லை. 1987 நவம்பர் 10ஆம் திகதி, திருப்பலி வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 60.

குழுவாகக் கூடும்போது ஒவ்வொரு குடும்பமும் சொல்லட்டும்: விட்டுவந்த காணிக்கு எழுத்தில் என்ன இருக்கிறது? உறுதியா, அனுமதிப்பத்திரமா, பழைய வரிப் பற்றுச்சீட்டா? எதுவும் இல்லையென்றால், கிணறு வெட்டியதையும் பலாமரம் நட்டதையும் கண்ட அயலவர் யார்? அவர் இப்போது எங்கே இருக்கிறார்? பெயரையும் இடத்தையும் இன்றே ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.