ஞானஸ்நானம் இன்றி இரட்சிப்பு உண்டா?

முனிர்காவிலும் அதைச் சுற்றிலும் வாழும் நம் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் கத்தோலிக்கர், லுத்தரன், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே எனப் பலரும் உண்டு. ஊரில் தனித்தனித் தெருக்களில் இருந்தவர்கள் இங்கே ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகிறோம். ஆகவே கல்யாணப் பேச்சில் "பையன் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாயிற்றா?" என்ற கேள்வி எழுந்து, சம்பந்தம் அங்கேயே நின்றுபோவதும் நடக்கிறது. இக்கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: நீர் இல்லாமல் ஒருவர் இரட்சிப்படைய முடியுமா? கிறிஸ்தவரல்லாத வாசகர்களும் உடன் வரலாம். நம் ஊர் வரலாறும் இதில் இருக்கிறது.

வேதத்தில் இரு பக்கமும் பேசும் பகுதிகள் உண்டு. யோவான் 3-ஆம் அதிகாரத்தில் இயேசு நிக்கொதேமுவிடம் நீரினாலும் ஆவியினாலும் பிறப்பதைக் கூறுகிறார். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு மனந்திரும்புதலையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்தே கேட்கிறார். ஆனால் சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு ஏது ஞானஸ்நானம்? அவனுக்குப் பரதீசு அன்றே வாக்களிக்கப்பட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது அப்போஸ்தலர் நடபடிகள் 10-ஆம் அதிகாரம். கொர்நேலியு வீட்டாரின்மேல் ஆவியானவர் முதலில் இறங்குகிறார். நீர் பிறகுதான் வருகிறது. ஆவி வந்தபின் நீர் எதற்கு என்று பேதுரு விட்டுவிடவில்லை. ஞானஸ்நானம் கொடுக்கும்படி கட்டளையிடுகிறார்.

இதே நிலை திருநெல்வேலிச் சீமையில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்தது. தஞ்சையைச் சேர்ந்த பிராமண விதவையான கிளாரிந்தா, லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியுடன் வாழ்ந்து, அவர் மூலம் கிறிஸ்தவ போதனையைப் பெற்றவர். ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டார். முறையான திருமணம் இல்லை என்ற காரணத்தால் ஐயர் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்தபின், 1778-இல் பாளையங்கோட்டையில்தான் ஞானஸ்நானம் கிடைத்தது. 1780-இல் எழுதப்பட்ட அச்சபையின் பதிவேட்டில் நாற்பது பேரில் முதற்பெயர் அவருடையது. அவர் கட்டிய ஆலயத்தைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றே நெல்லைக்காரர்கள் சொல்வார்கள். ஞானஸ்நானத்தை விரும்பிக் கேட்டும் கிடைக்காமல் காத்திருந்த அந்நாட்களில் அவர் இறந்திருந்தால்?

பழைய திருச்சபை இதற்கு விடை வைத்திருந்தது. விரும்பியும் பெற இயலாமல் இறந்தவருக்கு அந்த ஆசையே ஞானஸ்நானமாகும். 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கடவுள் இரட்சிப்பை ஞானஸ்நானத்தோடு பிணைத்திருந்தாலும், அவர் தம் அருட்சாதனங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்கிறது. 1530-ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை அது தேவையே என்கிறது. எனினும் அதைப் புறக்கணிப்பதே ஆபத்து, பெறாமற்போவதன்று என்பது லுத்தரன்களின் நெடுநாளைய விளக்கம். ரயில்வேக்காரனுக்கு இது எளிதில் புரியும். டோக்கன் இல்லாமல் ஒற்றைத் தடத்தில் வண்டி நகரக் கூடாது. கருவி பழுதானால் காகித லைன் கிளியர் கொடுத்து அனுப்புவோம். அதற்காக டோக்கனே வேண்டாம் என்று எந்த டிரைவரும் சொன்னதில்லை. மாயவரத்தில் ஐப்பசி முழுக்குக்குப் பிந்தி, கார்த்திகை முதல் நாளில் வந்து சேர்ந்த முடவனுக்கும் அதே பலன் கிடைத்ததாகச் சொல்லும் முடவன் முழுக்கு நம்மில் பலருக்குத் தெரியும். அது வேறு சமயம். இருந்தாலும் இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்.

தெளிப்பதா, முழுக்குவதா என்பதில் நான் அதிகம் நிற்கப்போவதில்லை. 1970-இல் உருவான வட இந்தியத் திருச்சபையில் பாப்டிஸ்டுகளும் சேர்ந்தார்கள். குழந்தை ஞானஸ்நானம், விசுவாச ஞானஸ்நானம் இரண்டையும் அச்சபை ஏற்றுக்கொண்டது. ஒரு சபைக்குள்ளேயே இரண்டும் இருக்க முடியுமானால், இரு சம்பந்திகளுக்கிடையே ஏன் முடியாது?

கடினமான கேள்வி வேறு. பெற முடியாதவருக்கு விடை உண்டு. பெற முடிந்தும் வேண்டாம் என்றவருக்கு? சென்னையில் ஓ. கந்தசாமி செட்டியார் கிறிஸ்துவை ஆண்டவராக ஏற்றுக்கொண்டும் ஞானஸ்நானம் பெறவில்லை. தாம் ஏன் கிறிஸ்தவர் அல்லர் என்பதை 1915-இல் மிஷனரிகளின் முன்னிலையிலேயே விளக்கினார். (கிளாரிந்தா பற்றிய அ. மாதவையாவின் ஆங்கில நாவலும் அதே ஆண்டு வெளிவந்தது.) இந்து சமூகத்தை விட்டுப் பிரியும்படி தமக்கு அழைப்பு இல்லை என்பது செட்டியாரின் வாதம். சென்னையில் இப்படிப்பட்டவர்கள் பலர் இருப்பதை ஹெர்பர்ட் ஹோஃபர் 1991-இல் வெளிவந்த தம் நூலில் ஆய்வுடன் காட்டினார்.

செட்டியார் சொன்னதை நான் முழுதும் ஏற்கவில்லை. கட்டளை கட்டளைதான்; கொர்நேலியுவும் நீருக்கு விலக்குப் பெறவில்லை. ஆனால் நம் நாட்டில் நீர் வெறும் நீராக இருந்ததில்லை. சாதியும் உறவும் சொத்தும் அதனுடன் போயின. இன்றும் 1950-ஆம் ஆண்டின் ஆணைப்படி கிறிஸ்தவராகும் தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை; சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் அது கிடைத்தது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், அவர் பெற்ற ஞானஸ்நானத்தையும் தொடர்ந்து ஆலயம் சென்றதையும் கருத்தில் கொண்டு சான்றிதழ் கோரிக்கையைத் தள்ளியது. இதனால் விசுவாசித்தும் நீருக்குத் தயங்கி நிற்பவரைக் கள்வனின் வரிசையில் வைப்பதா, புறக்கணித்தவரின் வரிசையில் வைப்பதா? ஆக்ஸ்பர்க் அறிக்கையை எழுதியவர்கள் முன் இப்படி ஒரு வழக்கு வரவில்லை.