முன்சக்கரம் நேராக ஓட

அன்பு மகளே,

டயர் படங்களைப் பார்த்தேன். முன்னால் இரண்டு டயரிலும் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது. அலைன்மென்ட்டை வீட்டிலேயே பார்க்க முடியுமா, அதற்காகப் போடி வரை மலையிறங்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். உன் வண்டிக்கு முடியும். எல்லா வண்டிக்கும் முடியாது.

உன் வண்டி ஜிப்ஸி. அது 1985-இல் வந்ததிலிருந்து 2019-இல் நிறுத்தப்படும்வரை முன்னாலும் பின்னாலும் ஒரே தண்டாக ஓடும் ஆக்ஸிலும் லீஃப் ஸ்பிரிங்கும்தான். சக்கரம் வெளியே சாய்கிறதா உள்ளே சாய்கிறதா என்கிற கேம்பரை அதில் திருகி மாற்ற இடமே கிடையாது. ஆக்ஸிலைச் செய்யும்போதே முடிவான விஷயம் அது. சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வான கேஸ்டரும் அப்படித்தான். நம் கைக்கு எட்டுவது டோ ஒன்றுதான். மேலிருந்து பார்த்தால் இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றை ஒன்று பார்த்து உள்ளே ஒடுங்குகின்றனவா (டோ-இன்), வெளியே விரிகின்றனவா (டோ-அவுட்) என்பது. 2020-இல் வந்த புது மகிந்திரா தாரில் முன்சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும். ஜாக்கி போட்டதுமே சஸ்பென்ஷன் கை தொங்கி டோ மாறிவிடும். நான் கீழே சொல்லும் முறையை அந்த வண்டியில் முயலாதே.

சில மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். உன் வண்டியின் 205/70 ஆர்15 டயருக்குக் குறுக்களவு சுமார் 668 மில்லிமீட்டர். டோ 3 மில்லிமீட்டர் தவறியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர்கள் இரண்டும் சேர்ந்து நாலரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகின்றன. முன்னால் உருண்டுகொண்டே தரையில் தேய்கின்றன. தோட்டத்துக்கும் கடைவீதிக்கும் தினம் போய்வருகிறவளுக்கு இதற்கு மேல் கணக்கு வேண்டாம்.

ஆனால் தேய்ந்ததெல்லாம் டோ குற்றம் ஆகாது. உள்ளங்கையை டயரின் குறுக்கே, வெளியிலிருந்து உள்ளே தடவு. பிறகு உள்ளிருந்து வெளியே தடவு. முதல் தடவலில் வழவழவென்று போய், திரும்பி வரும்போது ரப்பர் விளிம்புகள் கையில் சிக்கினால் டோ-இன் அதிகம். தலைகீழாக இருந்தால் டோ-அவுட். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழவழப்பாக இருந்து ஓரம் மட்டும் மழுங்கியிருந்தால், போடி மெட்டு ரோட்டின் கொண்டை ஊசி வளைவுகளை நீ வேகமாகத் திருப்புகிறாய், அல்லது காற்று குறைவாக வைத்து ஓட்டுகிறாய்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல். மழைக்குப் பயந்து, நான்கு சக்கரமும் இழுக்கும் 4ஹெச்-இல் போட்டுவிட்டு, அப்படியே தார் ரோட்டில் இறங்குகிறாயா? உன் வண்டியில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் இல்லை. வளைவில் முன்சக்கரங்கள் போகும் வட்டம் பெரிது, பின்சக்கரங்களின் வட்டம் சிறிது. சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லாமல் டயரும் கியரும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். அந்தத் தேய்மானத்தை அலைன்மென்ட்டின் தலையில் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். தார் ரோடு வந்ததும், பின்சக்கரம் மட்டும் தள்ளும் 2ஹெச்-க்கு மாற்று.

இனி வேலை. அளவு எடுப்பதற்கு முன் மூட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை நீ தாண்டிப் போகக் கூடாது. கம்ப்யூட்டர் மெஷினில் ஏற்றி, பச்சை எண் வந்ததும் தாளை அச்சடித்துக் கொடுத்துவிடும் இடங்களிலும் தவறுவது இந்த ஒரு படிதான். மூட்டு லொடலொடத்தால் இன்று 2 மில்லிமீட்டர் காட்டியது நாளை முதல் குழியிலேயே 6 ஆகும்.

இன்ஜினை நிறுத்தி, சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே, தம்பியை ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சமாக ஆட்டச் சொல். நீ கீழே படுத்து, முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டை ராடின் ஒவ்வொரு முனை மூட்டின் (எண்டின்) மேலும் ஒரு விரலை வை. கிண்ணமும் அதற்குள் இருக்கும் குமிழும் சேர்ந்தே அசைந்தால் நல்லது. ஒன்று முந்தி மற்றது பிந்தினால் விரலில் ‘டக்’கென்று தெரியும். கண்ணுக்குப் படாத ஆட்டம் விரலுக்குப் படும். அந்த எண்டை மாற்றாமல் அலைன்மென்ட்டைத் தொடாதே. பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டு. ஆட்டம் இருந்தால் தம்பியை பிரேக்கை மிதிக்கச் சொல். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்தும் நிற்காவிட்டால், சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின். கிங்பின் வேலை வீட்டு வேலை அல்ல.

களம் போன்ற சமதரையில் வண்டியை நிறுத்து. நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே காற்று. 2ஹெச்-இல் போட்டு, லாக்கிங் ஹப் இருந்தால் ஃப்ரீயில் வை. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடு. ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாதே. முன் ஆக்ஸிலைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வை. ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் தலையை விடக் கூடாது, ஒரு நட்டை எடுப்பதற்குக்கூட.

டயரின் நடுப்பட்டையில் சுற்றிலும் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டியைத் தேய். ஒரு கனமான மரக்கட்டையில் ஆணியை அடித்து, அதன் கூர் டயரைத் தொடும்படி தரையில் அசையாமல் வைத்து, சக்கரத்தைக் கையால் சுழற்று. மயிரிழை போல ஒரு கோடு விழும். டயரே கோணலாக இருந்தாலும், ரிம் நசுங்கியிருந்தாலும், அசையாத ஆணி போட்ட அந்தக் கோடு சக்கரம் சுழலும் அச்சுக்கு நேர்குத்தாகத்தான் இருக்கும். டயரின் பக்கச் சுவரிலிருந்தோ ரிம்மிலிருந்தோ டேப் பிடித்து அளக்கிறவர்களுக்கு அளவு ஒவ்வொரு தடவையும் மாறுவது இந்தக் கோடு இல்லாததால்தான்.

வண்டியை இறக்கி, பம்பரை இரண்டு முறை அமுக்கிவிட்டு, ஸ்டீயரிங்கை நேராக வைத்து முன்னோக்கி மூன்று நான்கு மீட்டர் தள்ளு. பின்னோக்கித் தள்ளினால் மூட்டுகளின் தளர்வு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டால் பின்னுக்கு இழுக்காதே. வண்டியைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபடி தள்ளு.

டேப்பை நேரே நீட்டலாம் என்று பார்ப்பாய். டயருக்குப் பின்னால் ஹப் உயரத்தில் கியர்பாக்ஸும் ஸ்பிரிங்கும் குறுக்கே நிற்கும். அதனால் ஆறடி ரீப்பர் ஒன்று எடுத்து, அதில் ஹப்பின் மையத்தின் உயரத்துக்கு இரண்டு குச்சிகளை நிமிர்த்தி, உச்சியில் ஆணி வை. ஒரு குச்சி நகராதது, மற்றது நகர்த்தி இறுக்கக்கூடியது. ரீப்பரை வண்டிக்கு அடியில் விட்டு, பின்புறத்துக் கோடுகள் இரண்டையும் ஆணிமுனைகள் தொடும்படி இறுக்கு. அப்படியே எடுத்து முன்னால் வந்து ஒரு முனையைக் கோட்டில் வை. மறுமுனைக்கும் அந்தப் பக்கத்துக் கோட்டுக்கும் உள்ள இடைவெளிதான் உன் டோ. முன்புறம் குறுகியிருந்தால் டோ-இன்.

எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு உன் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்தான் எண். அளவு எந்தத் தரத்தில் இருக்கும் என்பது புரிய ஒன்று சொல்கிறேன்: மகிந்திரா இங்கே செய்த சிஜே-3பி ஜீப்புக்கு 3/64 முதல் 3/32 அங்குலம், அதாவது 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர் டோ-இன். பின்சக்கரம் மட்டும் தள்ளும்போது தரை முன்சக்கரங்களைப் பின்னுக்கு இழுத்து விரிக்கப் பார்க்கும். அந்த விரிவைச் சரிக்கட்டத்தான் நிற்கும்போது கொஞ்சம் உள்ளே ஒடுக்கி வைக்கிறோம். 4ஹெச்-இல் முன்சக்கரமே இழுப்பதால் அது எதிர்ப்பக்கம், உள்ளே, ஒடுங்கப் பார்க்கும். இரண்டு வேலையும் செய்கிற வண்டிக்கு டோவை அள்ளி வைக்கக் கூடாது.

திருத்துவது டை ராடில். முந்தின நாள் இரவே இரு முனை லாக் நட்டுகளிலும் எண்ணெய் விட்டு வை. ஒரு முனையில் ரைட் திரெட், மறுமுனையில் லெஃப்ட் திரெட். லெஃப்ட் திரெட் நட்டை வழக்கம்போல் திருகித் தளர்த்தப் பார்த்தால் இன்னும் இறுகி மரை போய்விடும். எது எதுவென்று முதலில் பார்த்துக்கொள். குழாயைப் பைப் ரெஞ்சால் திருப்பு. டை ராட் ஆக்ஸிலுக்குப் பின்னால் இருந்தால் நீட்ட நீட்ட டோ-இன் கூடும். முன்னால் இருந்தால் குறையும். சக்கரத்தைத் திருப்பும் கை குட்டை, டயர் பெரிது. ஆகவே குழாயில் கால் சுற்று திருப்பினாலே டயர் ஓரத்தில் சில மில்லிமீட்டர் மாறிவிடும். கொஞ்சம் திருப்பு, முன்னால் தள்ளு, அள. நட்டுகளை இறுக்கும்போது இரண்டு குமிழும் ஒரே சாய்வில் நிற்கட்டும். ஒன்று ஒருபுறம் சரிந்திருந்தால் சேற்றில் ஆக்ஸில் முறுக்கும்போது மூட்டு இடிக்கும். இறுக்கிய பிறகு மறுபடி அள. இறுக்கும்போதே அளவு நகர்வது சாதாரணம்.

நேரே ஓடும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றால் ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு வரும் டிராக் லிங்கின் நீளத்தில் சரிசெய். ஸ்டீயரிங்கைக் கழற்றித் திருப்பி மாட்டாதே. பாக்ஸ் தன் நடுநிலையை விட்டுவிடும்.

கடைசியாக, இரண்டு பக்கமும் முன் ஹப்பிலிருந்து பின் ஹப்புக்கு டேப் பிடித்துப் பார். ஒரு பக்கம் குறைந்திருந்தால் யு-போல்ட் தளர்ந்தோ, சென்டர் போல்ட் உடைந்தோ ஆக்ஸில் ஸ்பிரிங்கின்மேல் நகர்ந்திருக்கிறது. அந்த நிலையில் வண்டியை மெட்டில் இறக்காதே. பட்டறைக்காரரை மேலே வரவழை.

வேலை முடிந்ததும் பழைய டோ, புது டோ, இரண்டு பக்க ஹப் இடைவெளி, கிங்பின் ஆட்டம் இருந்ததா இல்லையா என்பதையும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
சித்தப்பா