கிளாக்கோமா: சொட்டு மருந்தா, லேசரா, அறுவையா?

கிளாக்கோமாவில் இழந்த பார்வை திரும்பாது; எந்தச் சிகிச்சையும் கண் அழுத்தத்தைக் குறைத்து, மிஞ்சிய பார்வையைக் காப்பதற்கே. லட்டானோபிராஸ்ட் சொட்டு மருந்து தினம் ஒரு வேளை போதும், பெரும்பாலும் இரவில்; ஆனால் ஒரு நாளும் தவறக் கூடாது. விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை 2 நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து உடலுக்குள் இறங்குவது குறையும். மற்றொரு சொட்டு மருந்தான டிமோலால் மூச்சிரைப்பைத் தூண்டக்கூடியது. ஆஸ்துமா உள்ளவர்கள் தங்கள் நோயை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திறந்த கோண வகை கிளாக்கோமா உள்ளவர்கள் எஸ்.எல்.டி. என்னும் லேசர் சிகிச்சையைத் தொடக்கத்திலேயே கேட்டுப் பார்ப்பது நல்லது. 2019இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், முதலில் லேசர் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு 3 ஆண்டு முடிவில் சொட்டு மருந்து தேவைப்படவில்லை. பலன் நாளடைவில் குறைந்தால் மறுபடியும் செய்துகொள்ளலாம். டிரபெகுலெக்டமி அறுவை அழுத்தத்தை நன்கு இறக்கும். ஆனால் அதில் தொற்று அபாயம் இருப்பதால், பின்னாளில் கண் சிவந்து வலித்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.