அழிந்த உலகில் காலப்பயணம்

கேள்வி: உலகம் அழிந்த பின் நடக்கிற, காலப்பயணமும் உள்ள சாகசத் தொடர் ஏதும் உண்டோ? தமிழில் வருமோ?
— வாசகர், காரைநகர்

பதில்: தமிழில் ‘இன்று நேற்று நாளை’ (2015), ‘24’ (2016) எல்லாம் காலத்தில் ஓடியவைதான், ஆனால் உலகம் பத்திரமாக இருந்தது. இரண்டும் சேர்ந்து வேண்டுமானால் ஜெர்மன் தொடர் ‘டார்க்’ பாருங்கள். 2017–2020இல் மூன்று பருவங்கள், 26 பகுதிகள். குகைக்குள் நுழைந்தால் 33 ஆண்டு முன்னே பின்னே. அழிவைத் தடுக்க ஓடுகிறவர்களே அதற்கு வழி வெட்டுகிறார்கள். ஒரே ஆள் மூன்று வயதில் வருவார். பெயர்களைத் தாளில் குறித்துக்கொண்டு உட்காருங்கள்.

தமிழில் எடுப்பதென்றால் உங்கள் ஊர்க் கடற்கோட்டையைத்தான் சொல்வேன். ஊர்காவற்றுறைக்கு எதிரே, நாலு பக்கமும் தண்ணீர். போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் பிடித்தது, பிறகு சிறை, இப்போது கடற்படையின் விடுதி. செட் போடுகிற செலவும் மிச்சம்.