அழகான தெருதான்... தூக்கம் எங்கே?

"டாக்டர், எம் பிள்ளைக்குத் தூக்கத்துக்கு ஏதாவது லேகியம் கொடுங்களேன். பெங்களூர்ல இருக்கான். நல்ல சம்பளம். பெரிய பெரிய ஆளுங்க இருக்கிற ஏரியா. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கண்ணு மூடலேங்கிறான்."

திருப்பனந்தாளிலிருந்து என்னிடம் வந்த ஒரு தாயாரின் வார்த்தைகள் இவை. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெங்களூர் ஒன்றும் தூர தேசமில்லை. கும்பகோணத்தில் மாலையில் மைசூர் ரயில் ஏறினால் மறுநாள் காலை அங்கே இறங்கிவிடலாம். பையன் குடியிருப்பது எங்கே என்று கேட்டேன். "இந்திரா நகர்" என்றார். எனக்குப் பாதி நோய் அப்போதே புரிந்துவிட்டது!

அந்த இடத்தை நானும் பார்த்திருக்கிறேன். உறவினர் வீட்டில் இரண்டு இரவு தங்கினேன். 1970-களின் பிற்பகுதியில் மனை பிரித்து, இந்திரா காந்தியின் பெயரை வைத்து உருவாக்கிய குடியிருப்பு அது. மரம் அடர்ந்த தெருக்கள், தனி வீடுகள் என்று இருந்த ஊர். பிறகு நூறடிச் சாலையிலும் பன்னிரண்டாவது மெயினிலும் துணிக்கடை, மேஜை நாற்காலி விற்கும் கலைநயமான கடைகள், காபிக் கடைகள், மதுக்கூடங்கள் என்று வரிசையாக வந்துவிட்டன. 2011 அக்டோபரில் பெங்களூரின் முதல் மெட்ரோ ஓடியபோது அதில் இந்திரா நகரும் ஒரு நிலையம். சும்மா சொல்லக் கூடாது, பார்க்க அழகான இடம்தான். வாலிப வயதில் அங்கே குடியிருக்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

ஆனால் ராத்திரி பத்தரை மணிக்குப் படுத்தேன் பாருங்கள்... ஜன்னலைச் சாத்தியும் 'தும்... தும்...' என்று நெஞ்சுக்குள்ளே ஒரு சத்தம். பாட்டு கேட்கவில்லை, பேச்சு கேட்கவில்லை, அடி மட்டும் கேட்கிறது. கனமான, தாழ்ந்த ஒலிக்குச் சுவரும் கண்ணாடியும் பெரிய தடையில்லை. காதில் பஞ்சு வைத்தாலும் அது நிற்காது. ஒரு மணிக்குக் கடை மூடியதும் ஓய்ந்தது என்று நினைத்தால், அப்புறம் வண்டி எடுக்கிறவர்களின் ஹாரன்!

நம் ஊரில் மட்டும் சத்தம் இல்லையா என்று கேட்பீர்கள். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒலிபெருக்கி கட்டி நாமும் தெருவையே எழுப்புகிறவர்கள்தான். அது வருஷத்தில் சில நாள். அங்கே வாரத்தில் மூன்று நாலு ராத்திரி.

சட்டம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலுக்கு மேல் ஒலி கூடாது. மெதுவாகப் பேசுகிற அளவுதான் அது. அந்தப் பகுதி மக்கள் இதற்காகப் பல வருஷமாகப் போராடி, கோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறார்கள். சத்தம் பொறுக்க முடியாவிட்டால் 112-க்குப் போன் செய்து புகார் சொல்லலாம். சொல்லத் தயங்க வேண்டாம்.

தூக்கம் கெட்டால் என்ன ஆகும்?

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று உண்டு. பசி, தாகம், தும்மல், மலம், சிறுநீர் போல நித்திரையும் அதில் ஒன்று. அடக்கினால் தலைக்கனம், கண் சிவப்பு என்று தொடங்கி உபாதைகள் வரும் என்பது நூல்கள் சொல்வது. நவீன விஞ்ஞானமும் வேறு வழியாக இங்கேதான் வந்து சேர்கிறது. உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களை வைத்துக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் அந்தக் கடிகாரம் சரியாக ஓடும். ராத்திரி பளீர் விளக்கு பட்டால், தூக்கத்தைக் கூட்டிவரும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். மதுக்கூட விளக்கானாலும் சரி, முகத்துக்கு நேரே பிடித்த செல்போன் ஆனாலும் சரி.

தூங்கிக்கொண்டிருக்கும்போதும் காது வேலை செய்கிறது. நாம் விழிக்காவிட்டாலும் ஒவ்வொரு திடீர்ச் சத்தத்துக்கும் நாடித் துடிப்பு ஏறி இறங்கும். வருஷக்கணக்கில் இது தொடர்ந்தால் ரத்த அழுத்தத்தில் காட்டும். வெளியில் எந்தக் குறையும் தெரியாமல் முப்பது வயதிலேயே பி.பி. மாத்திரையில் போய் நிற்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். எனக்குக் கவலை அதுதான்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன், பெற்றோர்கள் முகம் சுளிக்க வேண்டாம். "ரெண்டு பெக் போட்டால் தூக்கம் வருது சார்" என்று பிள்ளைகள் சொல்வது பாதி உண்மை. சீக்கிரம் கண் சொருகும். ஆனால் பின்னிரவில் தூக்கம் துண்டு துண்டாக உடையும், குறட்டை கூடும். காலையில் களைப்பு, அதற்கு நாலு காபி. மாலை 5 மணிக்குக் குடித்த காபியில் ஏறக்குறைய பாதி ராத்திரி 10 மணிக்கும் உடம்பில் இருக்கும். மறுபடி தூக்கம் வராது. இந்த வட்டத்தில் லேகியம் எங்கே வேலை செய்யும்?

அமுக்கரா சூரணம் என்ற நல்ல மருந்து எங்களிடம் இருக்கிறது. கடையில் வாங்கி நீங்களாகப் பிள்ளைக்குக் கூரியரில் அனுப்பிவிடாதீர்கள். தைராய்டு கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தொடக் கூடாது.

முதலில் செய்ய வேண்டியது வேறு. வீடு பார்க்க ஞாயிறு காலை பத்து மணிக்குப் போகாதீர்கள். அப்போது எந்தத் தெருவும் அமைதிதான். சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்குப் போய் அந்த வாசலில் கால் மணி நேரம் நில்லுங்கள். பெரிய சாலையிலிருந்து இரண்டு மூன்று தெரு உள்ளே தள்ளி எடுங்கள். படுக்கை அறை பின்பக்கம் பார்த்து இருக்கட்டும். ஏற்கெனவே குடிபோய்விட்டால், தெருப்பக்க அறையைக் கூடமாக்கிவிட்டுப் பின் அறையில் படுக்கலாம்.

எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழுந்திருக்கும் நேரத்தை மாற்றாதீர்கள். லீவு நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ள வேண்டாம். எழுந்தவுடன் அரை மணி வெளிச்சத்தில் நடங்கள். மரமுள்ள தெருக்கள்தான் அங்கே இருக்கிறதே! ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும். நள்ளிரவு பிரியாணி நெஞ்சைக் கரிக்கும். எண்ணெய்க் குளியல் நல்லது, வெந்நீரில். ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரி கண் விழித்துவிட்டு சனிக்கிழமை தலை முழுகினால் மத்தியானம் தூக்கம் சொக்கும். பகல் தூக்கம் ஆகாது என்று தேரையரே பிணி அணுகா விதியில் சொல்லியிருக்கிறார். அந்த வாரம் ஞாயிறு முழுகுங்கள், குற்றமில்லை.

வாரத்தில் மூன்று நாள் என்ற கணக்கில் மூன்று மாதத்துக்கு மேல் தூக்கமில்லை என்றாலோ, குறட்டையின் நடுவே மூச்சு நிற்கிறது என்று அறைத் தோழர் சொன்னாலோ, வண்டி ஓட்டும்போது கண் அயர்ந்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

அந்த அம்மாவிடம் நான் லேகியம் கொடுக்கவில்லை. கொஞ்சம் மனத்தாங்கல்தான் அவருக்கு. பொங்கலுக்குப் பையன் வருகிறானாம். வந்த முதல் இரண்டு நாள் எப்படித் தூங்குகிறான் என்று குறித்து வைத்து, அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். நாடி பார்க்கிறேன், கூடவே பி.பி.யும்.