எழுவாய் எங்கே, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

ஃபேஸ்புக்கும் மியான்மரும் பற்றி நீ எழுதிய கட்டுரையை நேற்றிரவு ஒருமுறை வாசித்தேன், விடிந்ததும் இன்னொரு முறை. இரண்டாம் முறை கையில் சிவப்புப் பேனா இருந்தது. ‘நீக்கப்பட்டது’, ‘அனுமதிக்கப்பட்டது’, ‘பரப்பப்பட்டது’, ‘கவனிக்கப்படவில்லை’ என்று 31 இடங்களில் வட்டம் போட்டேன். ‘பட்டது’ இல்லாத இடங்களில் ‘அல்காரிதம் முடிவு செய்தது’, ‘இயந்திரம் குழம்பியது’ என்று இருக்கிறது. இந்த மென்பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குப் பொறுக்காதது இந்த 31 வட்டங்கள்தான்.

தமிழில் எழுவாயைச் சொல்லாமல் விடலாம். ஆனால் வினைமுற்று ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘நீக்கினார்கள்’ என்று எழுது, அந்த ‘ஆர்கள்’ நாலு பேரைக் கொண்டுவந்து நிறுத்தும். ‘நீக்கப்பட்டது’ என்று எழுது, அறை காலியாகிவிடும். தானியங்கித் தணிக்கை பற்றி எழுதுகிறவன் அந்த அறையைக் காலியாக விடவே கூடாது. அதைக் காலியாகக் காட்டுவதுதான் கம்பெனிகளுக்கு வேண்டியது.

நான் மெய்ப்புத் திருத்த உட்கார்ந்த முதல் வருஷம் ஒரு செய்தி வந்தது. ‘துப்பாக்கிச் சூட்டில் மூவர் கொல்லப்பட்டனர்.’ எங்கள் ஆசிரியர் ஓரத்தில் ‘சுட்டது யார்?’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். நிருபருக்கு விஷயம் தெரியும், எழுதத்தான் பயம். தாள் மூன்று முறை போய் வந்தது. நான்காம் முறை ‘போலீஸார் சுட்டதில் மூவர் இறந்தனர்’ என்று வந்தது. அன்று இரவு அச்சு ஒரு மணி நேரம் தாமதம். ஆசிரியர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கற்ற இலக்கணமெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் கற்றதுதான்.

இப்போது உன் கட்டுரையின் நான்காம் பகுதிக்கு வருகிறேன். 2017 செப்டம்பரில் ஃபேஸ்புக் மெசஞ்சரில் இரண்டு சங்கிலிச் செய்திகள் ஓடின. ‘முஸ்லிம்கள் தாக்கப்போகிறார்கள்’ என்று பௌத்தர்களுக்கு ஒன்று, ‘பௌத்தர்கள் தாக்கப்போகிறார்கள்’ என்று முஸ்லிம்களுக்கு ஒன்று. நான்கு நாளுக்கு மேல் அவை போன் போனாகத் தாவியதை நீ எழுதியிருக்கிறாய் பார், அப்படியொரு பக்கம் என் 35 வருஷ மேசைக்கு வந்ததில்லை. வாசிக்கும்போது என் கைபேசி அதிர்ந்தது, எடுக்கப் பயந்தேன். இதற்கு மேல் ஒரு எழுத்துக்கு என்ன வேண்டும்!

ஆனால் அதற்குப் பின்னால் நடந்ததை ஒரே வரியில் தாண்டிவிட்டாய். 2018 ஏப்ரலில் ஒரு பேட்டியில் ஃபேஸ்புக் தலைவர் மார்க் சக்கர்பெர்க் இந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேசும்போது, தங்கள் சிஸ்டம் அதைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். சில நாட்களில் மியான்மரின் 6 குடிமைச் சமூக அமைப்புகள் அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. ‘செய்திகளைப் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்பியது நாங்கள்தான், நீங்கள் சொல்லும் அந்தச் சிஸ்டம் நாங்கள்தான்’ என்று அதில் சொன்னார்கள். அவர் மன்னிப்புக் கேட்டார். அவர்கள் செய்தது எழுவாய்த் திருத்தம், தம்பி. கம்பெனி வைத்த எழுவாயை அடித்துவிட்டுத் தங்களை அந்த இடத்தில் எழுதினார்கள். உன் கட்டுரையின் நடுத்தூண் அதுதான். நீ அதை அடிக்குறிப்புபோல விட்டுவிட்டாய்.

அடுத்த குறை எனக்கு இன்னும் சுடுகிறது. பர்மிய மொழியை இயந்திரம் புரிந்துகொள்ளவில்லை என்று 12 பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் ஒரு பர்மியச் சொல்கூட இல்லை. புரியாமல் போனது எந்தச் சொல்? வாசகன் அதை வாயில் போட்டுப் பார்க்க வேண்டாமா?

என் அம்மா ரங்கூனில் பிறந்தவள். 1964இல் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்ட பிறகு கப்பலேறி மதராஸ் வந்து, வியாசர்பாடியில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. பர்மாக்காரர்கள் இந்திய முகங்களை ‘கலா’ என்பார்கள். மீன் விற்கிறவள் ‘கலாப் பொண்ணே’ என்றால் அம்மா சிரித்துக்கொண்டே பேரம் பேசுவாளாம். அதே சொல்லைத் தெருமுனையில் நாலு பேர் கத்தினால் பாட்டி கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவாளாம். சொல் ஒன்றுதான். விஷம் சொல்லிலா இருந்தது? சொன்ன வாயில் இருந்தது.

நாற்காலிக்கு அங்கே ‘கலாதைன்’ என்று பெயர். ‘தைன்’ என்றால் உட்கார். கொண்டைக்கடலை ‘கலாபே’. ஒட்டகத்தின் பெயரும் ‘கலா’வில்தான் தொடங்கும். 2017இல் ஃபேஸ்புக் இந்த ‘கலா’வை வசைச் சொல்லாகக் கண்டு நீக்கத் தொடங்கியபோது நாற்காலியும் கடலையும் சேர்ந்து போயின. அமல்படுத்துவதில் சிரமப்பட்டோம் என்று அந்த ஜூனில் கம்பெனியே எழுதியது. மறுபக்கத்தையும் பார். மியான்மரில் கண்ணில் படும் கலாக்களையெல்லாம் கொல், ஒருவனையும் உயிரோடு விடாதே என்ற பொருளில் ஒருவன் எழுதிய பதிவை, அதே கம்பெனியின் மொழிபெயர்ப்புக் கருவி, எனக்கு மியான்மரில் வானவில் இருக்கக் கூடாது என்ற மாதிரி ஆங்கிலத்தில் காட்டியது. 2018 ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் அதை வெளியிட்டது. நாற்காலியைப் பிடித்தார்கள், கொலைகாரனை விட்டார்கள். இதை ‘குழப்பம்’ என்று எழுதாதே. என் அம்மாவை அந்த மேசையில் உட்கார வைத்திருந்தால் இரண்டையும் ஒரு நிமிஷத்தில் பிரித்துப் போட்டிருப்பாள்.

எழுத்துருச் சிக்கலையும் நீ தொடவில்லை. மியான்மரில் பெரும்பாலான போன்களில் ஜாஜி எழுத்துரு இருந்தது. யூனிகோடின் எண்களையே வேறு வரிசையில் பயன்படுத்திய எழுத்துரு அது. மனிதக் கண்ணுக்கு வாக்கியம் சரியாகத் தெரியும், யூனிகோடு மட்டும் படித்த இயந்திரத்துக்கு எழுத்துகள் சிதறிக் கிடக்கும். நாடு முறைப்படி யூனிகோடுக்கு மாறியது 2019 அக்டோபர் 1 அன்றுதான். இது நமக்குப் புரியாத கதையா? பாமினி எழுத்துருவில் அடித்த கட்டுரையை வேறு கணினியில் திறந்து, ஆங்கில எழுத்துக் குப்பையைப் பார்த்துத் தலையில் கைவைத்த தலைமுறை நான். தமிழில் எழுதுகிறவனுக்கு இந்த இடத்தில் கை தானாக ஓட வேண்டும்.

ஆள் பற்றாக்குறை என்று நீ சொல்லலாம். பற்றாக்குறையும் யாரோ எடுத்த முடிவுதான். 2020 வசந்தத்தில் யூடியூப் தன் பரிசீலனையாளர்களை வீட்டுக்கு அனுப்பி, இயந்திரத்திடம் கூடுதலாக ஒப்படைத்தது. தவறுகள் கூடும் என்று முன்கூட்டியே அறிவித்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை 1 கோடியே 14 லட்சம் காணொளிகளை எடுத்தது. அதுவரை எந்தக் காலாண்டிலும் அவ்வளவு எடுத்ததில்லை. பிறகு மறுபடி ஆட்களிடம் வந்தது. இயந்திரத்தை எவ்வளவு தூரம் நம்புவது என்பதை ஒவ்வொரு முறையும் ஒரு மனிதர்தான் முடிவு செய்கிறார். அவர் சம்பளம் வாங்குகிறார், அவருக்குப் பதவி இருக்கிறது.

ஆகவே உன் முதல் வாக்கியத்தை மாற்று. ‘மியான்மரில் வெறுப்புப் பதிவுகள் போதிய அளவு கண்காணிக்கப்படவில்லை’ என்று தொடங்கியிருக்கிறாய். அதே ராய்ட்டர்ஸ் கட்டுரையில் உள்ள தகவலை வைத்து இப்படி எழுது: ‘2015 தொடக்கத்தில் பர்மிய மொழிப் பதிவுகளைப் பார்க்க ஃபேஸ்புக் இரண்டு பேரை வைத்திருந்தது.’ எழுவாய் வந்துவிட்டது. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு 7 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியா முஸ்லிம்கள் மியான்மரிலிருந்து வங்கதேசத்துக்கு ஓடினார்கள் என்பதை அடுத்த வாக்கியமாக வை. உரிச்சொல் எதுவும் தேவைப்படாது. மற்ற 30 இடங்களிலும் இதே மாதிரி ‘யார்?’ என்று கேள். பதில் தெரியாத இடத்தில் வாக்கியத்தை அடித்துவிடு, அல்லது தெரிந்துகொண்டு வா.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. அம்மாவுக்கு 80 ஆகப்போகிறது, காது மட்டும் கொஞ்சம் மந்தம். பர்மா நூடுல்ஸான அத்தோ பிசைந்து தருவாள். நீ உள்ளே நுழைந்ததும் உட்காரச் சொல்லி ஒன்றை இழுத்துப் போடுவாள். அதற்கு அவள் சொல்லும் பெயரைக் கேட்டுக்கொள். அந்தச் சொல்லிலிருந்து கட்டுரையைத் திரும்ப எழுது.

அன்புடன்,
அண்ணன்