ஷூ பெட்டியில் இருந்த போக்கிமான்: கார்டுகளைப் பட்டியலிட்டு விலை காண்போமா?

என் அக்கா மகன் 2001இல் கோடை விடுமுறைக்கு நியூ ஜெர்சியில் இருந்து மதுரை வந்திருந்தான். திரும்பும்போது ஒரு ஷூ பெட்டியை எங்கள் வீட்டுப் பரணில் விட்டுவிட்டுப் போய்விட்டான். சென்ற ஆண்டு என் மகள் அதை இறக்கினாள். உள்ளே 214 போக்கிமான் கார்டுகள்! பழைய பொம்மைகள் வாங்கும் ஒருவர் பெட்டியோடு 1,500 ரூபாய் தருவதாகச் சொன்னார். நான் தலையாட்டிவிட்டேன். மகள்தான், "இது அத்தானோடதுதானே அப்பா?" என்றாள்.

பட்டியல் போட்டு அவனுக்கு அனுப்பிக் கேட்டுவிட்டு, பிறகு விற்பது என்று முடிவு செய்தோம். அப்போது கற்றுக் கொண்டவற்றை இங்கே தருகிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம்.

முதலில் கார்டைப் படியுங்கள்

கார்டின் கீழ் ஓரத்தில் 1995 என்று இருந்ததைப் பார்த்து, 1995இல் அச்சான கார்டு என்று நினைத்துவிட்டேன். அது காப்புரிமை ஆண்டு மட்டுமே. ஜப்பானில் இந்தக் கார்டுகள் வெளிவந்ததே 1996இல்தான். ஆங்கிலத்தில் பேஸ் செட் என்ற முதல் தொகுப்பை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1999 ஜனவரியில் வெளியிட்டது.

கார்டின் கீழே வலது மூலையில் 4/102 என்பது போல ஓர் எண் இருக்கும். 102 கார்டுகள் கொண்ட தொகுப்பில் இது 4ஆவது என்று பொருள். பேஸ் செட்டில் இந்த 4ஆவது கார்டுதான் பலரும் தேடும் சாரிசார்ட். எண்ணுக்குப் பக்கத்தில் வட்டம் இருந்தால் சாதாரணக் கார்டு. டைமண்ட் வடிவம் இருந்தால் சற்று அரிது. நட்சத்திரம் இருந்தால் அரிது.

அடுத்து படத்துக்குக் கீழே இடது பக்கம் பாருங்கள். முதல் பதிப்பு முத்திரை இருந்தால் மதிப்பு பல மடங்கு கூடும். முத்திரை இல்லாத பேஸ் செட் கார்டு என்றால், படச் சட்டத்தின் வலது ஓரத்தில் நிழல் விழுகிறதா என்று கவனியுங்கள். நிழல் இல்லாதவை தொடக்கத்தில் அச்சானவை. நிழல் உள்ளவை பின்னர் ஏராளமாக அச்சானவை.

எக்ஸெல்லில் பட்டியல்

எக்ஸெல் அல்லது லிப்ரே ஆஃபீஸ் கால்க் தொகுப்பைத் திறந்து கொள்ளுங்கள். முதல் வரிசையில் பெயர், தொகுப்பு, எண், பதிப்பு, நிலை, எத்தனை, விற்ற விலை, படத்தின் ஃபைல் பெயர் என்று தலைப்புகள் கொடுங்கள்.

இங்கே ஒரு தொல்லை உண்டு. ஃபாசில் தொகுப்பில் மொத்தம் 62 கார்டுகள். அதன் 4ஆவது கார்டுக்கு 4/62 என்று தட்டி என்டர் அழுத்தினேன். எக்ஸெல் அதை 1962 ஏப்ரல் என்று தேதியாக மாற்றிவிட்டது! எனவே தட்டத் தொடங்கும் முன் எண்ணுக்கான நெட்டு வரிசை முழுவதையும் தேர்ந்தெடுங்கள். ரைட் கிளிக் செய்து, ஃபார்மட் செல்ஸ் சென்று, டெக்ஸ்ட் என்பதைத் தேர்வு செய்து ஓகே கொடுங்கள். மாறிய பிறகு இதைச் செய்தால் பயனில்லை. எண்ணை மறுபடி தட்டத்தான் வேண்டும்.

கார்டுகளை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யலாம். பளபளக்கும் ஹோலோ கார்டுகளில் உள்ள கீறல்கள் ஸ்கேனில் தெரிவதில்லை. அவற்றை ஜன்னல் ஓரம் சாய்த்து வைத்து மொபைலிலும் படம் எடுங்கள்.

நிலை என்ற தலைப்பின் கீழ் விற்பனைத் தளங்கள் பயன்படுத்தும் சொற்களையே எழுதுங்கள்: நியர் மின்ட், லைட்லி ப்ளேடு, மாடரேட்லி ப்ளேடு, ஹெவிலி ப்ளேடு, டேமேஜ்டு. மூலை மழுங்கல், ஓர வெளுப்பு, மடிப்பு ஆகியவற்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நம் கார்டு என்ற பாசத்தில் ஒரு படி ஏற்றிப் போட வேண்டாம்.

கேட்ட விலையா, விற்ற விலையா?

இதுதான் பாடத்தின் மையம். ஈபே தளத்தில் தேடினால் முதலில் வருவது விற்பவர் கேட்கும் விலை. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். தேடலின் ஃபில்டர் பகுதியில் சோல்ட் ஐட்டம்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். உண்மையில் விற்றவை மட்டும் கிடைக்கும். அவற்றில் அதே தொகுப்பு, அதே எண், அதே பதிப்பு, அதே நிலையில் உள்ள ஐந்தை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள்.

உதாரணமாக ஐந்து விலைகள் 11, 12, 12, 13, 60 டாலர் என்று வைத்துக் கொள்வோம். ஆவரேஜ் எடுத்தால் 21.60 வரும். ஒரே ஒரு 60 செய்த வேலை இது. மீடியன் ஃபங்ஷன் கொடுத்தால் 12 வரும். நான் நம்புவது இந்த 12ஐத்தான்.

மதிப்பு மிக்க கார்டு என்றால் பிஎஸ்ஏ போன்ற நிறுவனத்துக்கு அனுப்பி 1 முதல் 10 வரை தரச் சான்று பெறலாம். கட்டணம், தபால் செலவு, திரும்பி வரும் வரை ஆகும் காலம் ஆகியவற்றைக் கணக்கிட்ட பிறகே அனுப்புங்கள். 12 டாலர் கார்டுக்கு அது வீண்.

போலிகள்

பெட்டியில் தங்க நிறத்தில் ஒன்பது கார்டுகள் மின்னின. மகள் பாக்கெட் மணியில் கடையில் வாங்கிச் சேர்த்தவை அவை. அவற்றைத்தான் அதிக விலை போகும் என்று அவள் தனியாக எடுத்து வைத்திருந்தாள். எழுத்துப் பிழைகள் இருந்தன. பின்பக்க நீல நிறமும் வேறாக இருந்தது. அசல் சாதாரணக் கார்டையும் சந்தேகமான சாதாரணக் கார்டையும் டார்ச் முன் பிடித்து ஒப்பிடுங்கள். போலியில் பெரும்பாலும் வெளிச்சம் அதிகம் ஊடுருவும். மகளிடம் உண்மையைச் சொல்லும்போது அவள் முகம் வாடிவிட்டது. "அப்ப இதை விக்கக் கூடாதுப்பா" என்று அவளே எடுத்து வைத்துவிட்டாள்.

விற்கும்போது

கார்டின் பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய தாளை வைத்துப் படம் எடுங்கள். குறைகளை மறைக்காமல் எழுதுங்கள். கார்டை மெல்லிய உறையிலும், பிறகு டாப் லோடர் என்னும் கெட்டி உறையிலும் போட்டு, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்புங்கள். வாங்குபவர் பணம் அனுப்புவதாகச் சொல்லி க்யூஆர் கோடு ஸ்கேன் செய்யவோ, யூபிஐ பின் எண் கொடுக்கவோ சொன்னால் உஷார்! பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை.

பட்டியலை மருமகனுக்கு மெயிலில் அனுப்பினேன். அன்று இரவே போன் செய்தான். சாரிசார்ட் இருந்தது, ஆனால் நிழல் உள்ள பதிப்பு, நடுவில் மடிப்பு வேறு. "மாமா, ரயிலில் சட்டைப் பையில் வைத்தே தூங்கிட்டேன், அப்ப விழுந்த மடிப்பு அது. அதை மட்டும் விக்காதீங்க" என்றான். மற்றவற்றில் 31 கார்டுகள் 9,400 ரூபாய்க்கு விற்றன. பாதியைத் தங்கைக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டான். சாரிசார்ட் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. பட்டியலில் அதன் விலைக் கட்டத்தை மட்டும் மகள் காலியாக விட்டு வைத்திருக்கிறாள்.